குறுக்கீடு ரிசீவருக்குள்ளேயே இருந்தால்?

தூத்துக்குடி வானொலியின் 1053 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலை ஒலிபரப்பின் வலு 200 கிலோவாட். இலங்கை வரை எட்ட வேண்டும் என்பதற்காகவே அவ்வளவு. கடல்நீரும் உப்பளத்து ஈரமண்ணும் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால், அலை அதிகம் தேயாமல் மன்னார் வளைகுடாவைத் தாண்டிவிடுகிறது. அங்கே இருக்கும் நேயருக்கு அது நல்லது. இங்கே துறைமுகத்தருகே ஆன்டெனா கட்டிக் குறுக்கீடு அளப்பவருக்கு அதுவே பெருந்தொல்லை.

இன்றைய மென்பொருள் வானொலி (எஸ்.டி.ஆர்.) ரிசீவர்கள் பல, ஆன்டெனாவில் வருவதை நேரே ஏ.டி.சி.யில் எண்களாக்கிவிடுகின்றன. 14 பிட் ஏ.டி.சி.யில் எண் 8191-ஐத் தாண்ட முடியாது. தாண்டும் அலையின் உச்சி வெட்டுப்படும். அந்த வெட்டிலிருந்து இல்லாத நிலையங்கள் முளைக்கும். திருநெல்வேலியின் 1197-ம் சேர்ந்துகொண்டால் 909-லும் 1341-லும் போலிக் குறிகள் தெரியும், இரைச்சலும் கூடும். அந்த இரைச்சலுக்கான பழி அருகில் நிற்கும் விசைப்படகின் எல்.இ.டி. விளக்கின் மேல் விழும்.

இந்தப் பழியைத் தடுக்க ஏ.டி.சி.யின் மூல எண்களைப் போல வேறு சாட்சி அரிது. நொடிக்கு 6.5 கோடி மாதிரி எடுத்தால் 1053-இன் ஒரு சுற்றுக்குச் சுமார் 62 எண்கள் கிடைக்கும். உச்சியருகே 7916, 8128, 8191, 8191, 8191, 8128, 7916 என்று வந்தால் குற்றவாளி ரிசீவர்தான். திரையில் ஓடும் அலைமாலைப் படத்தில் இது தெரியாது. மலிவான ஆர்.டி.எல். டாங்கிளில் அந்த எண்கள் வெளியே வருவதே இல்லை: உள்ளே நொடிக்கு 2.88 கோடி மாதிரி எடுத்தாலும், வடிகட்டிச் சுருக்கிய இருபத்து நான்கு லட்சம் போலத்தான் கணினிக்கு வரும்.

ஆனாலும் மூல எண்ணே முடிந்த முடிவு என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஏ.டி.சி.க்கு முன்னால் ஒரு பெருக்கி இருக்கிறது. அது திணறிப்போயும் எண்கள் 8191-ஐத் தொடாமல் இருக்கலாம். அப்போது சுத்தமாகத் தெரியும் பதிவே நம்மை ஏமாற்றும். இதற்கு எளிய சோதனை உண்டு. ஆன்டெனா கம்பியில் 10 டெசிபெல் தணிப்பான் ஒன்றைச் செருகுங்கள். நிஜமான குறி 10 டெசிபெல்தான் இறங்கும். ரிசீவருக்குள் பிறந்தது அதைவிட வெகுவாக இறங்கும். பெருக்கியின் குற்றமும் இதில் மாட்டும். எந்த அளவீட்டிலும் முதல் வேலை இதுவாக இருக்க வேண்டும். மூல எண்களுக்குக் கொள்ளளவும் ஒரு சிக்கல்: நொடிக்கு 6.5 கோடி மாதிரி என்ற வேகத்தில் ஒரு மணி நேரப் பதிவு 468 ஜிகாபைட். படகுத்துறையில் மடிக்கணினியோடு நிற்பவருக்கு அது ஆகாத காரியம்.

மூல எண்களுக்கு மாற்றே இல்லாத இடம் துடிப்பு இரைச்சல். மின்கம்பியில் பொறி பறந்தால் நொடிக்கு 100 முறை சீறும். பேட்டரியில் ஓடும் விளக்கின் டிரைவர் நொடிக்குப் பல்லாயிரம் முறை துடிக்கும். 3 கிலோஹெர்ட்ஸ் வடிகட்டியைத் தாண்டிவிட்டால் இந்த இரண்டாவது வகைத் துடிப்புகளைத் தனித்தனியே பிரிக்க முடியாது. மூலப் பதிவில் இடைவெளியை அளந்து, படகா கரையா என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். 2182 கிலோஹெர்ட்ஸில் அபாயக் குரலுக்குக் காது கொடுக்கும் தோணிக்காரருக்கு இந்த வேறுபாடு உயிர்ப் பிரச்சினை.

முழுப் பதிவு தேவையில்லை. கடைசி ஒரு நொடியை நினைவகத்தில் சுழலவிட்டு, இரைச்சல் எழும்போது மட்டும் சேமித்தால் 130 மெகாபைட்டில் காரியம் முடியும். ஹெர்மிஸ் லைட் போன்ற திறந்த வடிவமைப்புகள் சில ஆயிரம் மூல மாதிரிகளை இப்போதே தருகின்றன. வெட்டுப்பட்டதா என்று பார்க்க அது போதும். விட்டுவிட்டு வரும் இரைச்சலுக்குப் போதாது. அந்த ஒரு நொடியைத் தராத ரிசீவரின் அளவீட்டை வைத்து யார் படகு விளக்கையும் கழற்றச் சொல்லக் கூடாது.