வினா இல்லாத கேள்வி

பல்கலைக்கழகங்களில் அறிஞர்கள் ஆற்றும் உரைகள் அரங்கத்தின் நான்கு சுவர்களுக்குள்ளேயே முடிந்துபோன காலம் ஒன்று இருந்தது. அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால், அழைப்பிதழ் பெற்ற சிலர் கேட்பார்கள். பின்னர் அது நூலாக வெளிவந்தால் வேறு சிலர் படிப்பார்கள். இன்று அந்நிலை மாறிவிட்டது. இலக்கியம், வரலாறு, தொல்லியல், சமயம், உடல்நலம் என எத்துறையாயினும் அதுபற்றிய உரைகள் ஒலியாகவும் ஒளியாகவும் பதிவு செய்யப்பட்டு, விரும்புவோர் விரும்பும் வேளையில் கேட்கக் கிடைக்கின்றன. ஊத்தங்கரைக்கும் செங்கத்துக்கும் இடைப்பட்ட நம் சிங்காரப்பேட்டையிலிருந்து ஓசூர்த் தொழிற்சாலைக்குச் செல்லும் இளைஞர் ஒருவர், பேருந்தில் அமர்ந்தபடியே சங்க இலக்கியம் பற்றிய பேருரை ஒன்றைக் கேட்டுவிட முடிகிறது. இதனை நாம் நன்றியோடு வரவேற்க வேண்டும். ஆனால் வரவேற்பு மட்டுமே திறனாய்வு ஆகிவிடாது. இப்பதிவுகளில் நமக்கு வந்து சேர்வது எது, வழியிலே விடுபட்டுப் போவது எது என்று பார்ப்பதே நம் நோக்கம்.

இம்முயற்சி நேற்றுத் தோன்றியதன்று. பல்கலைக்கழக மானியக் குழு 1984ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 அன்று தூர்தர்ஷன் வழியாக 'நாடு தழுவிய வகுப்பறை' என்ற ஒளிபரப்பைத் தொடங்கியது. கல்லூரி வாசலை மிதிக்காதவர்க்கும் கல்லூரிப் பாடம் கிடைக்க வேண்டும் என்பது அதன் கனவு. ஆனால் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே அமைந்தமையால், சிற்றூர்களுக்கு அக்கனவு முழுமையாக வந்து சேரவில்லை. 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. இன்று அது தமிழ் இணையக் கல்விக்கழகம் என்று வழங்குகிறது. 2003 முதல் இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களின் பேராசிரியர்கள் ஆற்றிய பாடங்கள் பதிவுகளாக வரத் தொடங்கின. 2017இல் நடுவண் அரசின் 'ஸ்வயம்' தளம் பல துறைப் பாடங்களையும் ஒருங்கே திரட்டித் தந்தது. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற நிறுவனங்களில் நிகழும் வரலாற்று, பண்பாட்டு உரைகளும் ஒளிப்பதிவுகளாகக் கிடைக்கின்றன. நல்ல நூலகம் அருகில் இல்லாத ஊரில் வாழ்வோர்க்கு இவை பெருங்கொடை என்பதில் ஐயமில்லை. புரியாத இடத்தில் நிறுத்தலாம், திரும்பக் கேட்கலாம். கண்பார்வை மங்கிய முதியவருக்கும் படிப்பை இடையில் விட்டவருக்கும் அறிவின் வாயில் ஒன்று திறந்தே இருக்கிறது.

எனினும் தமிழில் வரும் இத்தகைய பதிவுகளைத் தொடர்ந்து கேட்டுவரும்போது ஒரு குறை நம்மை உறுத்துகிறது. அரங்கில் உரை முடிந்ததும் அவையோர் வினா எழுப்பும் பகுதி ஒன்று உண்டு. பதிவுகள் பலவற்றில் அப்பகுதி காணாமற் போய்விடுகிறது. தலைமையுரை இருக்கும், பொன்னாடை போர்த்துவது இருக்கும், நன்றியுரைகூட இருக்கும். வினாக்கள் மட்டும் இரா. சில பதிவுகளில் அப்பகுதி இருந்தும் பயனில்லை. வினவியவர் கையில் ஒலிவாங்கி இல்லாததால், ஏதோ முணுமுணுப்புக்குப் பின் அறிஞரின் விடை மட்டும் நம் காதில் விழுகிறது. எதற்கு இந்த விடை என்று அறியாமலே அதைக் கேட்கிறோம். வேறு சில உரைகளோ அவையே இல்லாத தனியறையில், ஒளிப்படக் கருவியை நோக்கி ஆற்றப்படுகின்றன. அங்கே வினாவுக்கு இடமே இல்லை.

இது ஒரு சிறு தொழில்நுட்பக் குறை என்று சிலர் கருதலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. நம் மொழியில் 'கேள்வி' என்ற ஒரே சொல், செவிகொடுத்துக் கற்பதையும் குறிக்கிறது, வினவுவதையும் குறிக்கிறது. திருக்குறளின் 42ஆம் அதிகாரத்திற்குப் பெயரே 'கேள்வி'. கேட்டலையும் வினவலையும் நம் முன்னோர் ஒரே சொல்லில் வைத்துப் பழகினர் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். நன்னூல் இன்னும் தெளிவாகப் பேசுகிறது. ஆசிரியர் சொன்னதை முழுவதும் மனத்தில் வாங்கிக்கொண்டாலும் மாணவன் அடைவது கால் பங்குதான் என்கிறது அந்நூலின் பொதுப்பாயிரம். உடன் பயில்வோரோடு கலந்து பழகும்போது மற்றொரு கால் பங்கு. தான் பிறர்க்கு எடுத்துரைக்கும்போது எஞ்சிய இரு கால் பங்கும் கைகூடும் என்பது பவணந்தியாரின் கணக்கு. இக்கணக்கின்படி, மிகச் சிறந்த பதிவைத் தனியே கேட்பவர்க்கும் வாய்ப்பது கால் பங்கே.

கேட்போரை வெறும் கொள்கலமாகக் கருதும் வழக்கம் நம் மரபில் இல்லை. இறையனார் களவியலுக்குப் பலர் உரை கண்டபோது, எவ்வுரை மெய்யுரை என்று தீர்ப்பளிக்கும் பொறுப்பு பேச்சற்ற சிறுவனாகிய உருத்திரசன்மனிடம் விடப்பட்டது என்று அவ்வுரையின் முன்வரலாறு கூறுகிறது. நக்கீரர் உரைத்தபோது சொல்தோறும் அவன் கண்ணீர் வார, மெய்ம்மயிர் சிலிர்க்க இருந்தானாம். வாய் பேசாத அவனுடைய கண்ணீரே உரைக்குச் சான்றாயிற்று. இது வரலாறா, புனைவா என்பது வேறு. உரையை நிறைவு செய்பவர் கேட்பவரே என்ற கருத்து அதில் அடங்கியிருக்கிறது.

பல்கலைக்கழகம் என்ற அமைப்பின் பிறப்பும் இதையே உணர்த்துகிறது. 13ஆம் நூற்றாண்டுப் பாரீசில் விரிவுரைக்கு இணையான இடம் விவாதத்திற்கும் இருந்தது. திருவருகைக் காலத்திலும் தவக்காலத்திலும் திறந்த அவைகள் கூடும். அங்கே யாரும் எப்பொருள் பற்றியும் ஆசிரியரிடம் வினவலாம். புனித தோமா அக்குவினாஸ் அத்தகைய அவைகளில் எதிர்கொண்ட வினாக்கள் இன்றும் நூலாக உள்ளன. அவருடைய இறையியல் தொகுப்பின் ஒவ்வொரு பிரிவும் வினாவாகவே தொடங்கி, முதலில் எதிர்த்தரப்பு வாதங்களை எடுத்துரைத்து, அதன் பின்னரே தம் விடைக்கு வருகிறது. அவர் யோவான் நற்செய்தி பற்றி ஆற்றிய விரிவுரைகள், உடனிருந்த ரெஜினால்டு என்ற துறவி எடுத்த குறிப்புகளால் நமக்குக் கிடைத்தன. அக்காலப் பதிவுக் கருவி அதுவே. ஆக, உரையைப் பதிவு செய்வதும் பழைய வழக்கம். வினாவைக் காத்து வைப்பதும் பழைய வழக்கம். நாமோ முன்னதை வளர்த்துப் பின்னதைக் கைவிட்டுக்கொண்டிருக்கிறோம்.

இதனால் நேரும் இழப்பை நம் பகுதியின் மூன்று எடுத்துக்காட்டுகளால் விளக்கலாம். முதலாவது தொல்பொருள். நம் ஊரிலிருந்து செல்லும் சாலை அடையும் செங்கம் வட்டாரம் நடுகற்களுக்குப் பெயர்பெற்றது. தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத் துறை 1972இல் இரா. நாகசாமி பதிப்பித்த 'செங்கம் நடுகற்கள்' நூலை வெளியிட்டது. மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து எடுத்தனூர் நடுகல், கள்வரை எதிர்த்து நின்ற கோவிவன் என்னும் நாயின் பெயரையும் பொறித்து வைத்திருக்கிறது. இவை பற்றிய உரைகள் எழுத்தின் வடிவம், அரசனின் ஆட்சியாண்டு, போரின் காரணம் ஆகியவற்றைச் செவ்வனே விளக்குகின்றன. ஆனால் இம்மாவட்டங்களில் நடுகற்கள் பல வேடியப்பன் என்ற பெயரில் இன்றும் வழிபடப்படுகின்றன. அவ்வழிபாட்டில் வளர்ந்த ஒருவர், "எங்கள் குலத்தார் பொங்கலிடும் கல்லை நீங்கள் ஆய்வுப் பொருள் என்கிறீர்கள், வழிபடும் எங்களுக்கு அதில் என்ன இடம்?" என்று வினவினால், அறிஞர் விடை சொல்வது மட்டுமன்றி, தாமும் ஒன்றைக் கற்றுக்கொள்வார். பதிவில் அவ்வினாவுக்கு வழியில்லை.

இரண்டாவது உடல்நலம். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த இடங்கள் பல. குடிநீரில் அது லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது உலக நல நிறுவனத்தின் வரையறை. மிகுந்தால் குழந்தைகளின் பற்களில் கறை படியும். நெடுங்காலம் அருந்தினால் எலும்பும் மூட்டும் இறுகும். இதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் செயலுக்கு வந்தது. இந்நோய் பற்றிய மருத்துவ உரையில் வேதியியலும் எலும்பியலும் நிறையவே இருக்கும். ஆனால் நம் வீட்டுத் தாய் ஒருவர் வினவக்கூடியது மிக எளிய ஒன்று: "தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தால் போதுமா?" போதாது. காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு நீங்காது. நீர் ஆவியாவதால் அதன் செறிவு சற்றே கூடவும் செய்யும். இந்த ஒரு விடை, ஒரு மணி நேர உரையைவிட அந்தத் தாய்க்கு முதன்மையானது. வல்லுநருக்கு இது தோன்றாமல் போவதில் வியப்பில்லை. வினவ ஆள் இருந்தால்தான் அது வெளிப்படும்.

மூன்றாவது சமயம், நமக்கு நெருக்கமானதும் இதுவே. கிறித்தவத் தமிழ்த் தொண்டு பற்றிய உரைகள் பெரும்பாலும் புகழுரைகளாகவே நின்றுவிடுகின்றன. 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலியின் மொழிப்புலமையும் துறவும் போற்றத்தக்கவையே. பூணூலையும் குடுமியையும் சந்தனத்தையும் நிபந்தனைகளோடு அணிய 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி இசைவளித்ததை உரையாளர்கள் தவறாமல் குறிப்பிடுகின்றனர். ஆனால் மதுரை மறைப்பணியில் உயர்சாதியார்க்கெனத் துறவியர் ஒரு வகையாகவும், பிறர்க்கெனப் பண்டாரசாமிகள் வேறு வகையாகவும் பணியாற்றினர் என்பதும் வரலாறு. தலித் கிறித்தவர் ஒருவர் எழுந்து, "பண்பாட்டைத் தழுவியபோது சாதியையும் தழுவிக்கொண்டோமா?" என்று வினவினால் அவையில் அமைதி நிலவும். அந்த அமைதியும் அதன்பின் வரும் விடையும் பதிவில் இடம்பெறவேண்டியவை. சங்கடமான வினாவை வெட்டிவிட்டு வெளியிடப்படும் உரை வழவழப்பாக இருக்கலாம். உண்மைக்கு அருகில் இருப்பதாகச் சொல்ல முடியாது.

மறுப்புகள் உண்டு என்பதை நாம் அறிவோம். வினவ எழுபவர் சிலர் வினவாமல் தாமே ஒரு சொற்பொழிவு ஆற்றிவிடுகின்றனர். சிலர் தம் புலமையைக் காட்டவே எழுகின்றனர். இவற்றையெல்லாம் பதிவில் வைத்தால் கேட்போர் சலிப்படைவர் என்று பதிப்பவர்கள் கூறுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் களையெடுப்பது வேறு. பயிரையே உழுதுவிடுவது வேறு. நெறியாளர் வினாவைச் சுருக்கிக் கேட்கச் செய்யலாம். விடை சொல்லுமுன் அறிஞரே வினாவை ஒருமுறை திருப்பிச் சொல்லலாம். இதற்குச் செலவேதும் இல்லை. உரை எந்த ஆண்டில், எவ்விடத்தில், எவர் முன்னிலையில் ஆற்றப்பட்டது என்பதைத் தொடக்கத்தில் கூறிவிட்டால், ஐந்தாண்டு கழித்துக் கேட்பவர் பழைய செய்தியைப் புதிது என்று மயங்கமாட்டார்.

கேட்கும் நமக்கும் கடமை உண்டு. பங்கு மன்றத்திலோ ஊர் நூலகத்திலோ பத்துப் பேர் கூடி ஓர் உரையைக் கேட்கலாம். கால் மணிக்கு ஒருமுறை நிறுத்தி, விளங்கியதையும் விளங்காததையும் பேசலாம். எஞ்சிய வினாக்களை எழுதி உரையாளருக்கே அனுப்பலாம். அப்போது நன்னூலார் சொன்ன இரண்டாம் கால் பங்கு நமக்குக் கிட்டும். மறுநாள் வீட்டிலோ வேலையிடத்திலோ ஒருவருக்கு அதை எடுத்துச் சொன்னால் மீதியும் கிட்டும்.

பன்னிரண்டு வயதுச் சிறுவராகிய இயேசு, எருசலேம் கோவிலில் போதகர் நடுவே அமர்ந்து, அவர்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டும் அவர்களிடம் வினவிக்கொண்டும் இருந்ததை லூக்கா எழுதுகிறார். அப்போதகர்கள் நாட்டின் பெரும் அறிஞர்கள். ஆயினும் அன்று அவர்கள் ஆற்றிய உரையில் ஒரு சொல்லைக்கூட நற்செய்தியாளர் குறித்துவைக்கவில்லை. சிறுவர் ஒருவர் அமர்ந்து கேட்டார், வினவினார் என்பதை மட்டும் நமக்கு விட்டுச் சென்றிருக்கிறார்.