கோரைக் கூட்டினால் குறை தீருமா?

ஜவ்வாது மலைக் காவலூரில் 1968-ல் 38 செ.மீ. தொலைநோக்கியுடன் தொடங்கிய வானாய்வகம் இன்று வானியலாளர் வைணு பாப்புவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1972-ல் வந்த ஒரு மீட்டர் தொலைநோக்கிக்கு 1977-ன் யுரேனஸ் வளையக் கண்டுபிடிப்பில் பங்குண்டு, 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-ல் திறக்கப்பட்டது. அங்கே பதிவாகும் நிறமாலைகளைத் திருத்தி அளவீடாக்க ஆய்வாளர்கள் நெடுங்காலம் நம்பிவந்த மென்பொருள் ஐராஃப். 1980-களில் அமெரிக்காவின் டூசானில் உருவான அதற்கு, உருவாக்கிய நிறுவனத்தின் ஆதரவு நின்று பல ஆண்டுகள் ஆகின்றன. அதனால் பழைய லினக்ஸையும் ஐராஃபையும் ஒரு மெய்நிகர் கணினிக்குள் வைத்துப் புது லேப்டாப்பில் ஓட்டுவது வானியல் துறையில் பரவிய வழக்கம். நல்ல வழக்கம்தான். பல ஆண்டுகளுக்கு முன் எடுத்த தரவை அன்றைய நிரலிலேயே மறுபடி சரிபார்க்க அது வழிவிடுகிறது. என் குறையெல்லாம் அந்தக் கணினி மந்தமானாலோ எழும்பாமல் நின்றாலோ நடக்கும் பழுதுநீக்கத்தின் மேல்தான். காரணத்தைத் தேடாமல் செயலி அமைப்பைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறோம். தொட்டதைக் குறித்தும் வைப்பதில்லை.

மந்தம் என்றதும் கை முதலில் போவது மெய்நிகர் கணினிக்கு ஒதுக்கிய செயலிக் கோர்களின் எண்ணிக்கைக்கு. ஐராஃபின் பணி ஒவ்வொன்றும் ஒரே கோரில் ஓடுவது. நான்கைக் கொடுத்தால் மூன்று சும்மா இருக்கும். லேப்டாப்பில் இருப்பதே நான்கு என்றால், அத்தனையையும் உள்ளே ஓடும் லினக்ஸுக்கு எழுதிவைத்தபின் வெளியே இருக்கும் இயங்குதளமும் அதே கோர்களுக்குக் காத்துக்கிடக்கும், இரண்டுமே தடுமாறும். நான்கு கோரை ஹைப்பர்திரெடிங் எட்டாகக் காட்டுவதை உண்மையான எட்டாக எண்ணுவதும் இதே பிழைதான். கோளாறு பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கிறது. விண்டோஸின் சொந்த மெய்நிகராக்க மென்பொருளான ஹைப்பர்-வி இயங்கினால் செயலியின் மெய்நிகராக்க வசதி அதன் கைக்குப் போய்விடும். நம் மெய்நிகர் கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் அதன் வழியே சுற்றிக்கொண்டு ஓடும், சாளரத்தின் அடியில் பச்சை ஆமைப் படம் ஒன்று தெரியும். பயாஸில் விடி-எக்ஸ் என்ற அந்த மெய்நிகராக்க வசதி அணைந்திருந்தால் 64 பிட் லினக்ஸ் எழும்பவே எழும்பாது. 2019 டிசம்பரில் வந்த 6.1 பதிப்பு முதல் விர்ச்சுவல்பாக்ஸுக்கு அந்த வசதி கட்டாயம். 2020-ல் வரத் தொடங்கிய ஆப்பிள் எம் வரிசையிலோ செயலியின் கட்டளைத் தொகுதியே வேறு; இன்டெல்லுக்கான பழைய லினக்ஸின் கட்டளைகளை மென்பொருள்தான் மாற்றித் தர வேண்டும், அது மெதுவாகத்தான் நடக்கும். இந்த மூன்றிலும் கோர் எண்ணிக்கையை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை.

அறிவியலுக்கு இதைவிடக் கவலை தருவது செயலியின் மாதிரி. கேவிஎம் போன்ற மெய்நிகராக்க மென்பொருள்களில், உள்ளே எந்தச் செயலி இருப்பதாகக் காட்டலாம் என்று தேர்ந்தெடுக்க முடியும். பழைய பொது மாதிரியைக் காட்டினால் ஏவிஎக்ஸ் கட்டளைகள் மறைந்துபோய், அவற்றை நம்பித் தொகுத்த நிரல் ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்’ என்று நின்றுவிடும். நின்றால் நல்லது, தெரிந்துவிடுகிறது. இன்றைய லினக்ஸின் கணித நூலகமோ சைன், லாக் போன்றவற்றைக் கணக்கிடும்போது, பெருக்கலையும் கூட்டலையும் ஒரே கட்டளையில் முடிக்கும் வசதி செயலியில் இருந்தால் ஒரு வழியிலும் இல்லாவிட்டால் வேறு வழியிலும் போகிறது. விடையின் கடைசி இலக்கம் மாறலாம். ஒற்றை அளவீட்டில் அது பொருட்டே இல்லை. வரம்பைத் தாண்டிய புள்ளிகளைத் தள்ளித் தள்ளித் திரும்பப் பொருத்தும் கணக்கிலோ, விளிம்பில் நிற்கும் ஒரு புள்ளி உள்ளே இருக்குமா, வெளியே போகுமா என்பதை அது தீர்மானித்துவிடக்கூடும். ஐராஃபோடு பைத்தான் நிரல்களையும் சேர்த்து ஓட்டுபவர்கள் இதை மறக்கலாகாது.

பைத்தானுக்கே முழுதும் மாறிவிடலாமே என்பார்கள். புதிய தரவுக்கு அது சரி. பழைய முடிவைச் சோதிக்கப் பழைய வழி வேண்டும். கன்டெய்னரில் வைத்தாலும் வெளியே இருக்கும் செயலியேதான் நிரலுக்குத் தெரியும், ஆகவே மாதிரிச் சிக்கல் தீராது. ஆய்வு மாணவருக்கு ஏது நேரம், மாற்றிப் பார்த்து ஓடினால் போதாதா என்பது வலுவான மறுப்பு. மெய்நிகர் கணினியின் தனிச்சிறப்பே அதுதான்: ஸ்னாப்ஷாட் எடுத்துக்கொண்டால் எந்த மாற்றத்தையும் எளிதாகத் திருப்பிவிடலாம். ஆனால் மூன்றை ஒருசேர மாற்றியபின் ஓடினால், ஓட வைத்தது எது என்று யாருக்கும் தெரியாது. அடுத்த மாணவர் முதலிலிருந்து தொடங்குவார். சில மாற்றங்களுக்கு விலையும் உண்டு: ஹைப்பர்-வியை அணைத்தால் விண்டோஸின் நினைவகப் பாதுகாப்பும் கூடவே போகிறது. பலர் பயன்படுத்தும் கணினியில் அந்த விலையைக் கொடுப்பதைவிட மந்தத்தைப் பொறுத்துக்கொள்வதே மேல் என்பேன். குறித்து வைப்பதற்கு இடமும் தயாராக இருக்கிறது. வானியல் படங்களைச் சேமிக்கும் ஃபிட்ஸ் கோப்பின் தலைப்பில், தரவுக்கு என்னென்ன செய்யப்பட்டது என்று எழுதவே ‘ஹிஸ்டரி’ வரிகள் உண்டு. எந்தச் செயலி மாதிரியில், எத்தனை கோரில் ஓடியது என்று அங்கே இரண்டு வரி சேர்க்கப் புதிய கருவி எதுவும் தேவையில்லை.