கடைசி வரி யாருக்கு?

பிழைச் செய்தியும் உரைநடைதான். யாரோ எழுதுகிறார், யாரோ படிக்கிறார். ஆகவே கதையைப் போல அதையும் விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்வதில் தவறில்லை என்பது என் அபிப்பிராயம்.

ரெட் ஹாட் லினக்ஸ் ஓடும் கம்ப்யூட்டர்களில் 'சிஸ்டம்-கான்ஃபிக்-நெட்வொர்க்' என்று ஒரு கருவி முன்பு இருந்தது. நெட்வொர்க் இணைப்புக்கான விவரங்களை ஜன்னலில் தெரியும் கட்டங்களில் நிரப்பினால், அவற்றைச் சிறு சிறு கோப்புகளில், வரிக்கு ஒரு சேதியாக, அது எழுதி வைக்கும். நுணுக்கம் தெரியாதவர்களுக்கு இது பெரிய உபகாரம்தான்.

சங்கடம் என்னவென்றால், அதே கோப்பில் மனிதர்களும் கையால் எழுதலாம். எதிர்பாராத வரி ஒன்றைக் கண்டால் இந்த மாதிரிக் கருவி திகைத்து, அப்படியே விழுந்துவிடக்கூடும். அது பைத்தான் மொழியில் எழுதப்பட்டது. கைடோ வான் ராஸம் 1991-ல் வெளியிட்ட அந்த மொழிக்கு ஒரு வழக்கம் உண்டு. விழுவதானால், எங்கே புறப்பட்டு எந்தெந்த வரி வழியாக வந்து எங்கே இடறியது என்பதை வரிசையாகச் சொல்லிவிட்டுத்தான் விழும். இடறிய இடம் கடைசியில் வரும். துப்பறியும் கதை எழுதுகிறவர்கள் பொறாமைப்படக்கூடிய ஒழுங்கு!

ஆனால் இந்தக் கதை யாருக்காகச் சொல்லப்படுகிறது? நிரலை எழுதியவருக்காக. அதிலுள்ள வரி எண்களெல்லாம் அவருடைய நிரலின் எண்கள். திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு வேண்டியதோ, தம்முடைய கோப்பில் எந்த வரி குற்றவாளி என்பது. பெரும்பாலும் அது மட்டும் அங்கே இருக்காது. போதாக்குறைக்கு, இப்படி விழுகிற மென்பொருள்களில் பல, நடந்ததை இணையம் வழியாகத் தெரிவிக்கும்படி வேறு கேட்டுக்கொள்கின்றன. இணையம் கிடைக்காமல்தானே அவர் கருவியையே திறந்தார்! கிணற்றில் விழுந்தவனை, மேலே ஏறி வந்து மனுக் கொடு என்பது போல இருக்கிறது.

2004-ல் ரெட் ஹாட் நிறுவனம் தொடங்கிய 'நெட்வொர்க்மானேஜர்', வேலை செய்யும் பகுதி வேறு, கண்ணுக்குத் தெரியும் ஜன்னல் வேறு என்று பிரித்து வைத்தது. ஜன்னல் விழுந்தாலும், ஏற்பட்ட இணைப்பு அறுந்துபோவதில்லை. மெச்ச வேண்டிய ஏற்பாடு. ஆனால் இணைப்பே இன்னும் கிடைக்காதவருக்கு இதனால் ஆறுதல் இல்லை.

நுணுக்கம் தெரியாதவருக்காகத்தான் ஜன்னலைக் கட்டினார்கள். விழும்போது மட்டும் அவரை மறந்துவிடுவானேன்? "உங்கள் கோப்பின் ஏழாவது வரி எனக்குப் புரியவில்லை. அதை விட்டுவிட்டு மற்றவற்றைக் காட்டட்டுமா?" இரண்டே வாக்கியம். இதை எழுத இலக்கியப் பயிற்சி வேண்டியதில்லை. எதிரே ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார் என்ற ஞாபகம் இருந்தால் போதும்.