ஒப்புதலும் ஒரு பனுவலே: நாட்டுமொழிப் பத்திரிகைச் சட்டமும் (1878) இலண்டனின் மறுஆய்வும்

காலனியக் கால இந்திய இதழியல் வரலாற்றில் 1878ஆம் ஆண்டின் நாட்டுமொழிப் பத்திரிகைச் சட்டம் பெரும்பாலும் மூன்று கட்டங்களாகச் சொல்லப்படுகிறது. லிட்டன் பிரபு கொணர்ந்த அடக்குமுறை, இலண்டன் செய்த திருத்தம், ரிப்பன் பிரபு காலத்து நீக்கம் என்பன அவை. இவற்றுள் இடைக்கட்டம் போதிய அளவு ஆராயப்பெறவில்லை. பேரரசு தன் சட்டத்தைத் தானே படித்து ஏற்றபோது எதனைத் தேடிப் படித்தது, எதனைத் தொடாமல் விட்டது என்பது எழுப்பப்பட வேண்டிய வினாவாகும். ஒப்புதல் ஆவணமும் ஒரு பனுவலே. அதற்கும் நோக்குநிலை உண்டு. அது கருத்திற்கொண்ட வாசகரும் உண்டு.

மறுஆய்வின் அடிப்படை

1861ஆம் ஆண்டின் இந்தியச் சட்டமன்றங்கள் சட்டப்படி, தலைமை ஆளுநரின் மன்றம் இயற்றிய சட்டம் அவருடைய இசைவு பெற்றவுடன் செயலுக்கு வரும். அதன் படி இலண்டனிலிருந்த இந்திய அமைச்சருக்கு அனுப்பப்படும். முடியரசு விரும்பின் அதனைச் செல்லாததாக்கலாம். ஆயின் அம்மறுப்பு அறிவிக்கப்பட்ட நாளிலிருந்தே சட்டம் செயலிழக்கும். இடைக்காலத்தில் அது செய்தவை செய்தவையே. ஆகவே மறுஆய்வு என்பது சட்டத்தைத் தடுக்கும் வாயிற்கதவன்று. வீட்டினுள் வந்துவிட்ட பின் நிகழும் விசாரணையே எனலாம்.

இதில் நிறைவு காணாத சாலிஸ்பரி பிரபு, முதன்மையான மசோதாக்கள் முன்கூட்டியே தம் பார்வைக்கு வரவேண்டும் என 1874இல் பணித்தார். 1875இல் நார்த்புரூக் பிரபு சுங்கவரிச் சட்டத்தை முன்னிசைவின்றி நிறைவேற்றியபோது இருவருக்கும் இடையே கடும் பிணக்கு எழுந்தது. இலண்டனின் அக்கறை இங்குத் தெளிவாகிறது. சட்டம் ஆளப்படுவோருக்கு நீதியானதா என்பதினும், கல்கத்தா இலண்டனுக்குக் கட்டுப்படுகிறதா என்பதே அவ்விவாதத்தின் மையமாக இருந்தது.

படிக்குமுன் இசைவு

நாட்டுமொழிப் பத்திரிகைச் சட்டம் 1878 மார்ச் 14ஆம் நாள் ஒரே அமர்வில் நிறைவேறியது. அமைச்சரின் இசைவு தந்திவழியே பெறப்பட்டது. தந்தியில் ஏறக்கூடியது சட்டத்தின் சுருக்கமே, அதன் சொல்லாட்சியன்று. முன்னிசைவு என்னும் முறை, கவனமான வாசிப்பிற்காக உருவானது. இங்கோ அது வாசிப்பையே தேவையற்றதாக்கிவிட்டது.

அச்சட்டம் கீழைமொழி வெளியீடுகளுக்கு மட்டுமே உரியது. அச்சிடுவோரிடமும் வெளியிடுவோரிடமும் குற்றவியல் நடுவர் பிணைமுறியும் வைப்புத்தொகையும் கேட்கலாம். அச்சகக் கருவிகள் பறிமுதலாகலாம். நீதிமன்றத்தில் மேல்முறையீடு இல்லை. மெய்ப்புப் படிகளை முன்கூட்டியே அதிகாரியிடம் காட்ட உடன்படுவோர் பிணைமுறியிலிருந்து விலகிக்கொள்ள வழியிருந்தது.

திருத்தத்தின் பொருள்

சாலிஸ்பரிக்குப் பின் இந்திய அமைச்சரான கிரான்புரூக் பிரபு 1878 மே மாதக் கடிதத்தில் சட்டத்தை ஏற்றார். முன்தணிக்கைக் கூற்றை மட்டும் ஏற்கவில்லை. அவருடைய ஆலோசனை மன்றத்திலேயே எதிர்ப்பு இருந்தது. பம்பாயில் தலைமை நீதிபதியாக இருந்த எர்ஸ்கின் பெர்ரி தம் மாற்றுக்கருத்தைப் பதிவுசெய்தார். சூலை மாதத்தில் கிளாட்ஸ்டன் மக்களவையில் கொணர்ந்த தீர்மானம் தோல்வியுற்றது. அவ்வாண்டிலேயே திருத்தச் சட்டம் வந்து முன்தணிக்கையை நீக்கியது.

இதனைத் தாராளப் போக்கின் வெற்றியாகக் கொள்வது எளிது. ஆயினும் பேரரசின் நோக்கில் நின்று பார்ப்பின் வேறொரு பொருள் புலப்படும். தணிக்கை செய்யும் அரசு தான் அனுமதித்த ஒவ்வொரு வரிக்கும் பொறுப்பேற்க நேரும். பிணைமுறி கேட்கும் அரசுக்கு அப்பொறுப்பு இல்லை. அஞ்சி எழுதும் பொறுப்பு முழுவதும் இதழாசிரியர்மேல் விழுகிறது. முன்தணிக்கை விரும்பத்தக்கதன்று. எனினும் அது பிணைமுறிக்கு மாற்றாக வைக்கப்பட்ட ஒன்று. மாற்று நீங்கியது; பிணைமுறி நின்றது. 1879இல் வங்க இதழான சோமப்பிரகாஷ் அப்பிணைமுறிக்கே ஆளாயிற்று.

மேலும், திருத்தத்திற்குப் பின்னும் மொழிவேறுபாடு அப்படியே இருந்தது. ஒரே கருத்து ஆங்கிலத்தில் எழுதப்பட்டால் பொதுச் சட்டத்திற்கும், வங்கத்தில் எழுதப்பட்டால் நடுவரின் தனி அதிகாரத்திற்கும் உட்பட்டது. குற்றத்தின் இலக்கணத்துள் மொழி புகுந்தது. அமிர்த பசார் பத்திரிகை 1878 மார்ச்சிலேயே முழுதும் ஆங்கில இதழாக மாறியமை இதற்குச் சான்று. பிழைக்கும் பொருட்டு ஓர் இதழ் தன் மொழியைக் கைவிட நேர்ந்ததைத் திருத்தம் தொடவில்லை.

சென்னையின் நிலை

கருத்துக் கேட்கப்பட்ட மாகாண அரசுகளுள் சென்னை அரசு இச்சட்டம் தனக்குத் தேவையில்லை என்றது. சட்டத்தின் முதன்மைக் கூறுகள் அம்மாகாணத்தில் நடைமுறைக்கு வரவில்லை. ஆதலால் தமிழ் இதழ்களை இச்சட்டத்தின் நேரடிப் பலியாகக் காட்டுவது பொருந்தாது. அதேவேளை அவற்றைப் பாதுகாத்தது இலண்டனின் மறுஆய்வு என்பதும் பொருந்தாது. அந்த விலக்கு மாகாண அரசின் மதிப்பீட்டில் விளைந்தது, உரிமையாக வழங்கப்பட்டதன்று. சலுகைக்கும் உரிமைக்கும் உள்ள இவ்வேறுபாடு தமிழ் இதழியல் வரலாற்றில் இடம்பெறுதல் வேண்டும்.

முடிவாக

1882இல் சட்டம் நீக்கப்பட்டது. அதனை நீக்கியது 1861ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த மறுப்பதிகாரம் அன்று. பிரித்தானிய ஆட்சிமாற்றமும் அதன்வழி வந்த அரசியல் முடிவுமே. மறுஆய்வு தன் கடமையை 1878லேயே செய்து முடித்திருந்தது. கண்ணை உறுத்திய கூற்றை அகற்றி, எஞ்சியதற்கு ஏற்புடைமை தேடித் தந்ததே அக்கடமை. ஒப்புதல் ஆவணங்களைப் பயன்படுத்தும் ஆய்வாளர், அவை நீக்கியவற்றைக் காட்டிலும் நிலைநிறுத்தியவற்றை முதலில் கணக்கிடுதல் வேண்டும். அவ்வாறு படிக்கும்போது, திருத்தம் என்னும் சொல் பேரரசின் மனச்சான்றை மட்டுமன்றி அதன் ஆட்சிக் கணக்கையும் சுட்டுவது விளங்கும்.