பகலில் பாயசம், இரவில் சாம்பிராணி

ரோஸ் நிற பாட்டிலில் வரும் ‘யாரா’வை இப்போது வடசென்னைப் பெண்கள் பலரிடம் முகர முடிகிறது. அமீரகத்தின் லத்தாஃபா நிறுவனம் 2020இல் கொண்டுவந்த சென்ட் இது. தொடக்கத்தில் ஆரஞ்சும், நடுவில் பழக்கலவையும், அடியில் வெண்ணிலாவும் சந்தனமும் கஸ்தூரியும். பழம், பூ, அம்பர் மூன்றும் சேர்ந்த இந்த இனிப்பு ஜாதி விலை உயர்ந்த பிரெஞ்சு பாட்டில்களிலும் உண்டு, பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்குவதிலும் உண்டு. நல்ல சரக்குதான். எண்ணூரை அடுத்த காட்டுப்பள்ளி மாதிரி ஒரு கடற்கரையில் அதைப் பட்டப்பகலில் பூசிக்கொள்ளும் பழக்கத்தோடுதான் எனக்குத் தகராறு.

காட்டுப்பள்ளிக்குக் கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் டீசல் புகை, அனல் மின் நிலையத்துச் சாம்பல், கருவாட்டு வாடை எல்லாம் உப்புக் காற்றில் கலந்தே வரும். வியர்வை காயாது. பழ வாசனை தரும் மூலக்கூறுகள் பெரும்பாலும் சிறியவை, சீக்கிரம் ஆவியாகிவிடும். உடம்புச் சூட்டோடு வெயிலும் சேர்ந்தால் பஸ் ஏறுவதற்குள் பறந்துவிடும். கனமான வெண்ணிலாவும் பிசின் வாசனையும் மட்டும் தங்கி, சூட்டில் இன்னும் தூக்கலாக எழும். ஆக, கடையில் எந்த வாசனைக்கு மயங்கிக் காசு கொடுத்தோமோ அது கால் மணி நேரச் சமாச்சாரம். நாள் முழுக்க நம்மோடு இருப்பது வேறொன்று. ஏசிக் கடையில் அட்டைத் துண்டில் அடித்து நீட்டுவதை முகர்ந்து முடிவு செய்வதால் வரும் வினை.

ஒரு நண்பகல் ஷேர் ஆட்டோவில் ஏறியதும், மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த பெண்மணி கேட்டார்: “இன்னாம்மா, பாயசம் காச்சிட்டு நேரா வர்றியா?” இதைவிடத் துல்லியமான மதிப்புரை இந்த சென்ட்டுக்குக் கிடைக்காது. இந்தப் பாயச மணத்துக்கு வழிவிட்டது 1992இல் வந்த ‘ஏஞ்சல்’ சென்ட். அதுதான் எத்தில் மால்ட்டால் என்னும் செயற்கைப் பொருளைத் தாராளமாகச் சேர்த்துப் பஞ்சுமிட்டாய் மணத்தை சென்ட்டுக்குள் கொண்டுவந்தது. மணந்தால் நாவில் எச்சில் ஊற வேண்டும் என்ற நினைப்பு அதன் பிறகுதான் உலகெங்கும் பரவியது.

வேலை வாடையை மறைக்கவே சிலர் இதை அள்ளிப் பூசுகிறார்கள். மறையாது. மீன் கவிச்சிக்குக் காரணம் அமீன் வகைச் சேர்மங்கள். அவை காரத்தன்மை உள்ளவை என்பதால் புளிப்புக்குத்தான் கட்டுப்படும். மீன் ஆய்ந்த கையைப் புளியாலோ எலுமிச்சையாலோ தேய்ப்பது அதற்காகத்தான். சர்க்கரை போட்டு யாரும் கை கழுவுவதில்லை. கவிச்சியின் மேல் வெண்ணிலாவை ஏற்றினால் இரண்டும் தனித்தனியே நிற்கும். டீசலோடு சேர்ந்தால் குமட்டும்.

போதாததற்கு, மூக்குக்குப் பழகிவிடும். பூசியவருக்குக் கொஞ்ச நேரத்தில் தன் மணமே தெரியாது. போய்விட்டது என்று நினைத்து மறுபடி அடிப்பார். தண்டனை பக்கத்தில் இருப்பவருக்கு. இந்தப் பக்கத்தில் மூக்குதான் எச்சரிக்கை மணியும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் அமோனியா கசிந்தபோது மக்களை வீட்டைவிட்டு ஓடவைத்தது நெடியும் கண்ணெரிச்சலும்தான். மூக்கை இவ்வளவு நம்பி வாழ வேண்டிய இடத்தில் அதை நாள் முழுக்கச் சர்க்கரைப் பாகில் ஊறப்போடுவது எனக்கு உவப்பாக இல்லை. அமோனியாவை எந்த சென்ட்டும் அமுக்கிவிடாது. ஆகவே இந்தப் பயம் கொஞ்சம் மிகைதான், இருக்கட்டும்.

இவ்வளவு குறை சொன்னாலும் பாட்டிலைத் தூக்கிப்போட மனம் வராது. பொழுது சாய்ந்து கடல்காற்று குளிர்ந்ததும் இந்த வகை சென்ட் வேறு ஆளாகிவிடுகிறது. அம்பர் என்று வாசனைத் தொழிலில் சொல்வது ஒரு கூட்டு: லாப்டனம் பிசின், வெண்ணிலா, சாம்பிராணி. திமிங்கலத்தின் குடலில் உருவாகும் மீனம்பருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு ஈர முடியைச் சாம்பிராணிப் புகையில் காட்டி வளர்ந்தவர்களுக்கு இந்த அடிமணம் சீமைச் சரக்காகத் தெரியாது. பழம் பறந்து, சர்க்கரையும் அடங்கிய பின் பருத்தித் துப்பட்டாவில் மறுநாள் காலை வரை தங்கும் அந்தக் கதகதப்புக்காகவே காசு கொடுக்கலாம்.

கல்யாண வரவேற்புக்கும் ராத்திரிப் பயணத்துக்கும் துணியில் ஒரே ஒரு அடி போதும். பகலுக்கு வெட்டிவேர் அத்தர் எவ்வளவோ தேவலை. வாங்கித்தான் ஆக வேண்டும் என்பவர்கள் மணிக்கட்டில் அடித்துக்கொண்டு, வெயிலில் பஜாரை இரண்டு சுற்று சுற்றிவிட்டு வந்து விலை கேட்கட்டும்.