ஒரு டிக்கெட், இரண்டு பொட்டலம்

சிக்கனமாக ஊர் சுற்றுவதில் தனி ருசி உண்டு. நானும் என் கணவரும் வருஷத்துக்கு ஒருமுறை, ஏதாவது ஒரு சனிக்கிழமை, தரங்கம்பாடிக்குக் கிளம்பிவிடுவோம். மயிலாடுதுறையிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். டவுன் பஸ் கிடைத்தால், பெண்களுக்கு இலவசம் என்பதால் எனக்கு டிக்கெட் காசு கிடையாது, அவருக்கு மட்டும்தான். "உன்னால ஒரு டீக்காசு மிச்சம்" என்பார்.

இந்தப் பயணத்தின் உயிர் புளிச்சோற்றுப் பொட்டலம். முதல்நாள் இரவே புளிக்காய்ச்சல் தயார். விடிகாலையில் வாழையிலையைத் தணலில் காட்டி வாட்டி, நல்லெண்ணெய் மினுங்கும் சோற்றை வைத்து, ஓரத்தில் உருளைக்கிழங்குப் பொரியல். மதியம் பிரித்தால் இலையின் மணம் சோற்றில் ஏறியிருக்கும். பொரியல் நமுத்துத்தான் போயிருக்கும். அதுவும் நன்றாகத்தான் இருக்கும். எந்த ஓட்டலிலும் இது வராது.

தரங்கம்பாடி, டேனிஷ்காரர்கள் 1620-ல் கோட்டை கட்டத் தொடங்கி, 1845-ல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போன ஊர். கோட்டைக்குள் ஒருமுறை போய்வந்தால் போதும். எங்களுக்குக் கரைதான். 14-ஆம் நூற்றாண்டு மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. அதன் பக்கத்தில் உட்கார்ந்தால் அலைச்சத்தத்தில் பேச்சு தானாகக் குறையும். கல்யாணமாகிப் பதினோரு வருஷம்; அங்கேதான் இன்னும் கையைப் பிடித்துக்கொள்கிறார்.

போகிறவர்கள் தண்ணீரும் குடையும் மறக்காதீர்கள். கரையில் நிழல் கிடையாது.