அடியை மறக்கும் உலோகம்

செம்புக் குடத்தின் மேல் வரிசையாகப் பதிந்திருக்கும் சுத்தியல் தழும்புகளை விரலால் தடவிப் பார்ப்பதில் எனக்குத் தனி ஆசை. அழகுக்குப் போட்ட கோலம்போல் இருக்கும். குடத்துக்கு உறுதி தருவதும் அந்த அடிகள்தான். ஆறிய தகட்டில் விழும் ஒவ்வோர் அடியும் உள்ளேயிருக்கும் படிகங்களை நெளிக்கிறது, செம்பு விறைத்துக்கொள்கிறது. பழகிய காது இதைக் கண்டுபிடித்துவிடும். இளகிய தகடு மொத்தென்று ஒலிக்கும். விறைத்த தகடு கணீரென்னும். அதற்கு மேலும் அடித்தால் விளிம்பு கிழியும். அதனால் கன்னார் வேலையை நிறுத்தி, தகடு மங்கலாகச் சிவக்கும்வரை காய்ச்சுகிறார். புதுப் படிகங்கள் பிறக்கின்றன; பட்ட அடியையெல்லாம் மறந்து செம்பு மறுபடி இளகிவிடுகிறது.

இப்படி ஆறிய உலோகத்தை அடிப்பது குளிர் வேலை. சூட்டு வேலையில் அடியும் மறதியும் ஒன்றாகவே நடக்கின்றன. பழுத்த இரும்பைக் கொல்லர் கொழுவாக இழுக்கும்போது, நெளிந்த படிகம் அந்தச் சூட்டிலேயே புதிதாகிவிடும், விறைப்பு சேராது. மேலே செதில் உரியும், நுணுக்கமான அளவு கிடைக்காது என்பது அதன் குறை.

இதில் சூடு என்பது கைக்குத் தெரியும் சூடு அல்ல. வீட்டுத் திண்ணையில் வைத்து ஈயத்தைத் தட்டினாலும் அது சூட்டு வேலைதான். அந்த வெப்பத்திலேயே ஈயத்தின் படிகங்கள் புதுப்பித்துக்கொள்ளும். டங்ஸ்டனை 1000 டிகிரி செல்சியஸில் இழுத்தாலும் அது குளிர் வேலைதான். எல்லைக்கோடு உலோகத்துக்கு உலோகம் மாறும்.

இரண்டிலும் என் மனம் சாய்வது சூட்டு வேலையின் பக்கம். காரணம், தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் கிடைத்த பழைய வெண்கலக் கிண்ணங்கள். நூற்றுக்கு ஏறக்குறைய 23 பங்கு வெள்ளீயம் சேர்ந்த வெண்கலத்தை ஆறவைத்து அடித்தால் கண்ணாடிபோல் நொறுங்கும். சுமார் 600 முதல் 750 டிகிரிக்குள் அதே உலோகம் சுத்தியலுக்கு வளைந்து கொடுக்கும். அடித்து முடித்ததும் மெல்ல ஆறவிடக் கூடாது; ஆறினால் நொறுங்கும் தன்மை திரும்பிவிடும். சூட்டோடு தண்ணீரில் அமிழ்த்த வேண்டும். எஃகைத் தண்ணீரில் அமிழ்த்தினால் விறைக்கும். செம்பை அமிழ்த்தினால் இளக்கம் போகாது. இந்த வெண்கலமோ உடையாமல் பிழைத்துக்கொள்ளும். தண்ணீர் ஒன்றுதான், மூன்று உலோகங்களுக்கு மூன்று விதம்!

ஆதிச்சநல்லூரிலும் நீலகிரியிலும் கிடைத்த கிண்ணங்களை ஆராய்ந்த சாரதா ஸ்ரீனிவாசன், அவை இப்படிச் செய்யப்பட்டவை என்று காட்டினார். வெப்பமானி இல்லாத காலம். தாமிரபரணிக் கரையில் ஒருவர் தணலின் நிறத்தை மட்டும் நம்பி, இந்தக் குறுகிய இடைவெளிக்குள் சுத்தியலை ஓங்கியிருக்கிறார். நிறம் மங்கிய பிறகு ஓர் அடி அதிகமாக விழுந்திருந்தாலும் கிண்ணம் விரிசல் கண்டிருக்கும்.

எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனால் ஆதிச்சநல்லூர் வெண்கலங்களின் முன் சற்று நில்லுங்கள். சிலைகளைப் பார்த்த கண்ணோடு அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். கிண்ணத்தின் மெல்லிய விளிம்பைப் பாருங்கள்.